அக்காவின் டீசல், தங்கையின் அலை

அந்தத் தீவில் விளக்கு எரிகிறதென்றால் அது அக்காவின் தயவு. டீசல் பவர்ஹவுஸ் கன்ட்ரோல் ரூமில் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டியவள். அம்மா வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை? மூச்! கடல் அலையில் கரண்ட் எடுக்கும் மிஷினோடு தங்கை வந்து இறங்கியதுதான் தாமதம், "என் சின்னவ கடலையே வேலை வாங்குறா" என்று அம்மா தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தாள். அக்காவுக்கு வயிறு எரிந்தது.

இன்று சோதனை ஓட்டம். தேறினால் மிஷின் இங்கேயே இருக்கும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். கன்ட்ரோல் ரூமில் அதிகாரி, ஊர் ஜனம், முன்னால் அம்மா.

"அக்கா, அலை எழும்பினா டீசல் அடங்கணும், அலை படுத்தா உடனே தூக்கணும். ஆட்டோமேட்டிக்லயே விட்டுடு" என்றாள் தங்கை.

அடங்கணுமாமே! இவள் அலைக்கு என் இன்ஜின் கைகட்டி நிற்கணுமா? எல்லோரும் திரையைப் பார்த்த சமயம் அக்கா அந்த ஆட்டோமேட்டிக் சுவிட்சைத் திருப்பினாள். இனி அலை என்ன ஆட்டம் போட்டாலும் டீசல் அசையாது.

அலை படுத்தது. டீசல் கைகொடுக்கவில்லை. விளக்குகள் மங்கின, அலை மிஷின் தானாக லைனிலிருந்து கழன்றுகொண்டது, தீவு முழுக்கக் கரண்ட் போயிற்று. அந்தக் களேபரத்தில் அக்கா சுவிட்சைச் சத்தமில்லாமல் பழைய இடத்துக்கே திருப்பிவிட்டாள்.

"அவ்வளவுதாம்மா, கழட்டிடுங்க" என்றார் அதிகாரி.

"சரி சார். டீசல் பக்கம் எங்க அக்கா இருக்கா, அங்க தப்பு நடக்காது. கோளாறு என் மிஷின்லதான்" என்றாள் தங்கை.

ஜெயித்தாயிற்று. ஆனால் அம்மா சின்னவளைக் கட்டிக்கொண்டு அழ, மொத்தக் கூட்டமும் "போகட்டும் கண்ணு" என்று அவளையே சுற்றி நின்றது. தோற்றாலும் அவளுக்குத்தான் ராஜ மரியாதை! அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன்னைக் கவிழ்த்தது யாரென்று தெரிந்துகொள்ளடி!

"சுவிட்சைத் திருப்பினது நான்தான்!" என்று கத்தினாள்.

அதிகாரி எட்டிப் பார்த்தார். "சுவிட்ச் சரியாத்தானே இருக்கு?"

தங்கை ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். "எனக்காக ஏன்க்கா பழியைத் தலையில போட்டுக்கிற?"

அம்மாவும் வந்தாள். பெரியவளின் கன்னத்தைத் தடவினாள். "பாத்தீங்களா? தங்கச்சிக்காகத் தன் வேலையையே விடத் துணிஞ்சிட்டா. என் பெரியவ மனசு யாருக்கு வரும்!"

ஆயுசெல்லாம் அவள் ஏங்கிக் கிடந்த வார்த்தை. "இல்லம்மா, நிஜமாவே..." என்று வாயெடுத்தாள். அம்மாவின் கை கன்னத்திலேயே இருந்தது. மிச்சத்தை மென்று விழுங்கினாள். வெளியே, மிஷினைக் கழற்ற ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.