உப்புநீர்க் கலவை நிலையம் திறக்கப்பட்டது

ஓய்வு பெற்ற மூன்றாவது வாரம், வீட்டில் ஒரு நிலையம் இல்லாத குறையை மேலாளர் கண்டுபிடித்தார். முப்பத்தோரு வருடம் திட்டப் பிரிவில் இருந்தவர். வெறும் மேலாளர் இல்லை, முதுநிலைத் துணை மேலாளர். அவ்வளவு நீளமாகக் கூப்பிட வீட்டில் யாருக்கும் நேரமிருக்கவில்லை.

வீட்டில் இருந்தது ஒரு மீன். கூடத்தில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி, அதில் கடல் தண்ணீர், அதற்குள் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு கோமாளி மீன். ஆறு வருடமாக அதை வளர்ப்பவள் மனைவி. அவளுக்கு இன்னும் நாலு வருடம் சர்வீஸ் பாக்கி. பத்து நாளைக்கு ஒரு முறை வேலை விட்டு வந்து, வடிகட்டிய தண்ணீரை வாளியில் பிடித்து, கடல்மீனுக்கென்று விற்கும் உப்புப் பொடியை அளந்து போட்டு, நீளக் கரண்டி ஒன்றால் கலக்கி, மறுநாள் தொட்டியில் கொஞ்சம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டு இதை ஊற்றுவாள். எல்லாம் சேர்த்து இருபது நிமிடம். அலுவலகம் போய்க்கொண்டிருந்தவரை மேலாளர் இதைப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார்.

“கரண்டியா?” என்றார்.

“சோத்துக் கரண்டி இல்லைங்க, இதுக்குன்னே வச்சிருக்கேன்” என்றாள் மனைவி.

அவர் கேட்டது அதுவல்ல. ஒரு வீட்டில் கடலைத் தயாரிக்கிறார்கள், அதற்கு ஓர் ஆவணம் கூட இல்லை என்பதுதான் அவர் கவலை. அன்றே வாளிமுறை நிறுத்திவைக்கப்பட்டது. துணி துவைக்கும் அறையில் உப்புநீர்க் கலவை நிலையம் அமையும் என்று அறிவித்தார். நிலையம் என்றால் வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று மனைவி கேட்டாள். அந்தக் கேள்வி குறிப்பேட்டில் ஏறவில்லை.

நிலையம் ஏழு வாரம் எடுத்துக்கொண்டது. துவைக்கும் இயந்திரம் பால்கனிக்குப் போனது. அதன் இடத்தில் இரண்டு நீல டிரம்கள், ஒரு வடிகட்டி, ஒரு மோட்டார், தண்ணீரை இதமாக வைத்திருக்க ஒரு ஹீட்டர். உப்பின் அளவைப் பார்க்க, சின்னத் தொலைநோக்கி போல ஒரு கருவி. அதை மேலாளர் சட்டைப் பையில் பேனா போல செருகிக்கொண்டு நடந்தார்.

இந்த ஏழு வாரமும் தொட்டியில் தண்ணீர் மாறவில்லை. கண்ணாடியில் பாசி படர்ந்தது. மீன் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றது. போட்ட தீனி அதன் மூக்கைத் தாண்டிக் கீழே போனது. “கோமாளி இன்னிக்கும் சாப்பிடல” என்று மனைவி தினமும் சமையலறையிலிருந்து சொல்வாள். முதல் இரண்டு தடவை மேலாளர் “இதோ வரேன்” என்று பதில் சொல்லிவிட்டார். பிறகு, அந்த மீனை அதன் அறிவியல் பெயரால் அழைக்கும்படி கேட்டுக்கொண்டார்.

ஏழாவது வாரம் அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்: “ஞாயித்துக்கிழமை தண்ணி மாறணும். இல்லைன்னா அது தாங்காது. உங்க நிலையம் வந்தாலும் சரி, என் வாளி வந்தாலும் சரி.”

வாளி வர வழியில்லை. வீட்டிலிருந்த உப்புப் பொடி மொத்தத்தையும் மேலாளர் டிரம்முக்கென்று எடுத்து வைத்துவிட்டார். கடைக்காரரிடம் அடுத்த சரக்கு வர இரண்டு வாரம் ஆகும். ஞாயிறு காலை பத்து மணிக்குத் திறப்பு என்று அவர் முடிவு செய்தார். சிறப்பு விருந்தினர் மனைவியின் அண்ணன். பணி நிறைவு விழாவில் எல்லோர் முன்னாலும் “இனிமே பொழுது எப்படி மாப்பிள்ளை போகும்?” என்று கேட்டவர் அவர்தான். அவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

குழாய் இணைப்புக்கு பிளம்பர் வந்தது வெள்ளிக்கிழமை. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். மேலாளர் நான்கு வண்ணத்தில் வரைந்த வரைபடத்தை மேசையில் விரித்தார். அதில் ஒரு டிரம் ‘நன்னீர்’, இன்னொன்று ‘உவர்நீர்’. வடிகட்டி வேண்டாமென்று தள்ளும் தண்ணீர் ‘மறுக்கப்பட்ட நீர்’. அதை வீணாக்காமல் விருந்தாளிகளுக்கான குளியலறைக்கு அனுப்புவது மறுபயன்பாட்டுப் பிரிவு. அம்புக்குறிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. நாற்பது நிமிட விளக்கத்தை பிளம்பர் நின்றபடியே கேட்டார். பிறகு தனக்கு வேண்டிய ஒரே விஷயத்தைக் கேட்டார்.

“நல்ல தண்ணி மீனுக்குத்தானே சார்?”

“மிக நல்ல தண்ணி” என்றார் மேலாளர். “அதுல சமரசமே கிடையாது.”

பிளம்பருக்கு அது போதும். இருபத்திரண்டு வருடமாக அவர் எந்த வீட்டிலும் நல்ல தண்ணியைச் சமையலறைக்கும் உப்புத் தண்ணியைக் குளியலறைக்கும்தான் கொண்டுபோயிருக்கிறார். மறுக்கப்பட்ட நீரை யார் மறுத்தார்கள் என்று தெரியாததால் அதைச் சாக்கடையில் விட்டார். சனிக்கிழமை விடியற்காலையிலேயே மேலாளர் டிரம்மில் உப்பைக் கொட்டி, இருபத்துநாலு மணி நேரம் மோட்டாரைச் சுழலவிட்டார். கருவி முப்பத்தைந்து காட்டியது. ஆயிரத்துக்கு முப்பத்தைந்து, கடலும் அதையேதான் கடைப்பிடிக்கிறது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மச்சான் வந்து இறங்கினார். பயண அலுப்பு தீர விருந்தாளிக் குளியலறையில் குளிக்கப் போனார். திரும்பி வந்தவரிடம் சோப்பு வாசனையே இல்லை.

“மாப்பிள்ளை, தண்ணி இதமா இருந்துச்சு. ஆனா சோப்பு நுரைக்கவே இல்ல. உங்க வீட்டுல உப்புத் தண்ணியா?”

வந்ததும் வராததுமாக நிலையத்தைப் பற்றி விசாரிக்கிறாரே என்று மேலாளர் நெகிழ்ந்தார்.

“ஆமா மச்சான். சரியா முப்பத்தஞ்சு.”

மச்சான் அதைக் குழாயின் வயது என்று எடுத்துக்கொண்டு, அப்படியானால் ஒரு தடவை மாற்றிவிடுவது நல்லது என்றார். அதற்குத்தான் இந்த ஏற்பாடே என்றார் மேலாளர். இருவரும் முழுத் திருப்தியுடன் காபி குடித்தார்கள்.

மனைவி அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மின்விசிறிக் காற்றில் ஈரம் காயக் காய அவருடைய புருவம் வெளுத்தது. காது மடலில் வெள்ளையாக ஏதோ பூத்தது. அவள் எழுந்து குளியலறைக்குப் போய், ஈரக் குவளையில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். கடல் குளியலறைக்குள் இருந்தது. அப்படியானால் தொட்டிக்கு வரப்போவது எது?

கூடத்தில் உரை தொடங்கிவிட்டது. மேலாளர் மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தார். பிளம்பரும் கைகட்டி நின்றார். அறைக் கதவின்மேல் ‘உப்புநீர்க் கலவை நிலையம்’ என்று பலகை தொங்கியது. மனைவி இடையில் புகுந்து, ஒரு நிமிடம் கேளுங்கள் என்றாள். கேள்விகள் இறுதியில் என்றார் மேலாளர். அவள் பழைய வாளியை எடுத்து வந்தாள். தொட்டிக்குள் தொங்கிய குழாய் முனையை எடுத்து வாளிக்குள் விட்டாள். பிறகு வந்து உட்கார்ந்தாள்.

மச்சான் வால்வைத் திருகினார். தண்ணீர் வந்தது. பிளம்பர் கைதட்டினார். அப்போதுதான் மேலாளர் வாளியைக் கவனித்தார்.

“இது எதுக்கு?”

“அளந்து பாருங்க” என்றாள் மனைவி.

அவர் ஒரு சொட்டை எடுத்துக் கருவியில் விட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பூஜ்யம். கருவிக்கு மறுசீரமைப்பு தேவைப்படலாம் என்றார். மச்சான் ஒரு தம்ளரில் பிடித்துக் குடித்துப் பார்த்தார்.

“நல்ல தண்ணி மாப்பிள்ளை” என்றார் பாராட்டாக.

எல்லோரும் பிளம்பரைப் பார்த்தார்கள். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை.

“சார்தான சொன்னாரு, மீனுக்கு நல்ல தண்ணின்னு. வாயில்லா ஜீவனுக்குப் போய் உப்புத் தண்ணி விடுவாங்களாக்கா?”

மேலாளர் வரைபடத்தைத் தேடி எடுத்து விரித்து, நன்னீர் என்ற சொல்லின்மேல் விரலை வைத்தார். பிறகு எதற்கு வைத்தோம் என்று யோசித்தார்.

“அந்தத் தண்ணி உள்ள போயிருந்தா இந்நேரம் கோமாளி மிதந்திருக்கும்” என்றாள் மனைவி. வாளியைக் கவிழ்த்துக் காலி செய்து அவர் கையில் கொடுத்தாள். “பாத்ரூம் குழாயில பிடிச்சிட்டு வாங்க. அங்கதான் உங்க முப்பத்தஞ்சு வருது. அண்ணா மிச்சம் வச்சிருந்தா.”

மச்சான் மிச்சம் வைத்திருந்தார். நுரைக்காத தண்ணீரில் எவ்வளவு நேரம்தான் குளிப்பது. மேலாளர் வாளி வாளியாக முகர்ந்து கூடத்துக்குச் சுமந்தார். இதமான சூடு, குறையில்லாத உப்பு. தண்ணீரில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. அவள் பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதியதைக் கரண்டியால் மெல்ல மெல்ல ஊற்றினாள். ஐந்தாவது வாளிக்கு மேலாளரின் உரைத்தாள் பையிலிருந்து நழுவி நனைந்தது. யாரும் எடுக்கவில்லை.

மாலையில் மச்சான் சமையலறைத் தண்ணீரில் இன்னொரு தடவை குளித்துவிட்டுக் கிளம்பினார். பொழுது நன்றாகத்தான் போகிறது மாப்பிள்ளை, இனிமேல் கேட்க மாட்டேன் என்றார். பலகை குளியலறைக் கதவுக்கு மாறியிருந்தது. மாற்றியது யார் என்று மேலாளர் விசாரணை வைக்கவில்லை. குழாயை மாற்றுவதா என்று பிளம்பர் கேட்டதற்கு மனைவி வேண்டாம் என்றாள். வாளி இருக்கிறது, தூக்க ஆளும் இருக்கிறது.

எட்டு மணி வாக்கில் அவள் கூடத்திலிருந்து, “கோமாளி சாப்பிட்டாச்சு” என்றாள்.

தான் இன்னும் சாப்பிடவில்லை என்று சொல்ல மேலாளர் வாயைத் திறந்தார். தொட்டியைப் பார்த்தார். அங்கே மூலையை விட்டு நடுவுக்கு வந்திருந்த மீனும் வாயைத் திறந்து மூடியது. அவரும் மூடிக்கொண்டார்.