வாசற்படியில் நின்றவள்

"வாசப்படியில நின்னா ரூமுக்குள்ள இருந்ததா ஆயிடுமா, மிஸ் வெர்னா?"

"ஆகும்டா ராசா. ஒரு காலு உள்ள, ஒரு காலு வெளிய. பீன்ஸ் சட்டி மட்டும் முழுசா உள்ள வந்துச்சே, திங்கறப்ப தெரியலையா?"

டெரிக் வீட்டுப் புல்தரையில் நடந்த இந்தச் சண்டை தெருக்கோடி வரை கேட்டது. நாயோடு உலாவ வந்தவர்கள் நாயை மறந்து நின்றார்கள்.

டெரிக் நியூஜெர்சிப் பல் டாக்டரின் மகன். தோல் கால்சட்டையும் கண்மையுமாக வருஷக்கணக்கில் ராக் கிட்டார் வாசித்துக் கூச்சலிட்டவன். கூட்டம் வற்றியதும், கன்ட்ரி என்னும் பண்ணைக்காரர் பாட்டுக்குப் பேர்போன நாஷ்வில்லுக்கு வந்து ஒரு மாட்டுக்காரத் தொப்பி வாங்கி, கன்ட்ரி பாடகனாகிவிட்டான். பண்ணையிலிருந்து வந்தவன்போல் தெரிய, தோட்டக் குழாயைத் திறந்துவிட்டு அவன் பூட்ஸுக்குச் சேறு பூசுவதை, எதிர்வீட்டு வெர்னா தன் சமையலறை ஜன்னல் வழியே பார்த்திருக்கிறாள். பிரெட்டுக்கு வெண்ணெய் தடவுவதுபோல் ஒரே சீராகப் பூசுவான். புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டு காலி பீர் டப்பாவில் துப்புவான். ஒருநாள் மறதியில் அந்த டப்பாவையே எடுத்துக் குடித்தான். வெர்னாவுக்கு அன்று மதியச் சோறு இறங்கவில்லை.

அதையும் சகித்துக்கொண்டாள். பாட்டைத்தான் சகிக்க முடியவில்லை.

அவனும் கேரிஸ் என்ற பெண்ணும் பாட்டு எழுதிக்கொண்டிருந்த நாளில் வெர்னா பீன்ஸ் கொண்டுபோனாள். பேச்சுவாக்கில் தன் கணவன் ஹாய்ட் கடைசியாகச் சொன்னதைச் சொல்லிவிட்டாள். "வெளக்கை அணைக்காத, பசு கன்னு போடப் போவுது, பாத்துட்டு வந்துடுறேன்." தொழுவத்துக்குப் போனவர் திரும்பவில்லை, மாரடைப்பு. வராந்தா விளக்கை அவள் இன்றுவரை அணைத்ததில்லை.

இப்போது டெரிக் ஊரிலுள்ள காபிக் கடை மேடைகளிலெல்லாம் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, "இது எங்கப்பா சாகறப்ப சொன்னது" என்று தழுதழுத்து அந்த வரியைப் பாடுகிறான்.

பாட்டு எழுதும் அறைக்குள் யார் இருந்தாலும், ஒரு சொல் தந்தாலும் தராவிட்டாலும், பாட்டில் சம உரிமை உண்டு என்பது இந்த ஊர் வழக்கம். அவர்களில் ஒருவர் வேண்டாமென்றால் அந்த வரி நிற்காது. வெர்னாவுக்குப் பாட்டில் பேர் வேண்டாம். ஹாய்ட்டின் பேச்சை அந்த வாய் பாடாமல் இருந்தால் போதும்.

"அந்த வரி இல்லேன்னா பாட்டே இல்ல! அடுத்த வாரம் ரெக்கார்டு கம்பெனிக்காரர் கேக்க வர்றார். எங்கப்பா மேல சத்தியமாச் சொல்றேன், நீங்க வாசல்லதான் நின்னீங்க!"

"எந்த அப்பா? செத்தவரா, பல்லு புடுங்குறவரா?"

நாய்க்காரர்கள் சிரித்துவிட்டார்கள். கிட்டார் பெட்டியோடு அப்போதுதான் வந்திறங்கிய கேரிஸ் சிரிக்கவில்லை.

"நீயே சொல்லு கேரிஸ்" என்றான் டெரிக்.

"கதவைச் சாத்துங்க, ஏசி காத்து போகுதுன்னு அன்னைக்கு இவங்ககிட்ட நீதானே சொன்ன?" என்றாள் கேரிஸ்.

"சொன்னேன். அதுக்கென்ன?"

"அவங்க உள்ள வந்துதான் சாத்தினாங்க."

டெரிக் வாயைத் திறந்தான். புகையிலைச் சாறு மோவாயில் வழிந்தது.

"வரியை எடுத்துடு" என்றாள் வெர்னா. "அப்படியே என் சட்டியையும் குடு."

கொண்டுவந்து கொடுத்தான். உள்ளே பழுப்பாக, கெட்டியாக எச்சில் தளும்பியது. பீர் டப்பா தீர்ந்துபோன நாட்களில் அவன் அதில்தான் துப்பியிருக்கிறான் போலிருக்கிறது. வெர்னா அதை இரண்டு விரலால் தூக்கிப்போய்க் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

அடுத்த வாரம் டெரிக் அந்த இடத்தில் லாரியைப் பற்றி ஒரு வரி போட்டுப் பாடினான். கம்பெனிக்காரர் காபி ஆறுவதற்குள் எழுந்துபோய்விட்டார். இலையுதிர் காலத்தில் டெரிக் நியூஜெர்சிக்கே திரும்பி, அப்பாவின் கிளினிக்கில் சீட்டுக் கொடுக்கும் பெண்ணைக் கட்டிக்கொண்டான். கல்யாணங்களில் மறுபடி கண்மையோடு ராக் வாசிக்கிறானாம். கேரிஸ் ஒரு டிரம்ஸ்காரனை மணந்து, டெரிக் காலிசெய்த வீட்டுக்கே குடிவந்தாள். வந்த அன்றே வெர்னாவுக்கு ஒரு புதுச் சட்டி கொண்டுவந்து கொடுத்தாள். வெர்னா அதில் பீன்ஸ் வைத்தாள். கேரிஸைத் தன் வீட்டுக்குள்ளே கூப்பிட்டுத்தான் கொடுத்தாள். டெரிக் இருந்த அந்த எதிர்வீட்டுப் படியை மட்டும் வெர்னா இன்னும் மிதிக்கவில்லை.