கொடுவாக் குட்டை

மீன் குறைந்துகொண்டிருந்தது. செத்து மிதக்கவில்லை. கொக்கு இறங்காதபடி குட்டைக்கு மேலே வலை கட்டியிருந்தது. பாம்பு நுழையாதபடி சுற்றிலும் தகரம். அப்படியும் குறைந்தது. ஒவ்வொரு பௌர்ணமியும் கழிந்து வலை போடும்போதும் முன்பைவிடக் கம்மியாக வந்தது.

சரவணகுமார் செழியனைச் சந்தேகித்தார்.

செழியன் அவர் மனைவி அருணாதேவியின் தம்பி. செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலை பார்த்தவன். கீழ்பென்னாத்தூர் நிலத்தில் குட்டை வெட்டி கொடுவா விடலாம் என்று சொன்னது அவன்தான். பாதிப் பங்கு அவனுடையது.

"அது கடல் மீனாச்சே மச்சான்" என்று அன்றைக்கே சரவணகுமார் கேட்டார்.

"பொறக்கறதுதான் கடல்ல மாமா. வளர்றது ஆத்துல, ஏரியில. நல்ல தண்ணி போதும். கெஸ்ட் ஹவுஸ்ல தங்குன ஒரு வெள்ளக்காரரு இதைத் தூண்டில்ல பிடிக்கறதுக்குன்னே நாடு நாடா போறாராம். முள்ளு மாட்டுனா தண்ணிக்கு மேல எகிறித் தலைய உதறுமாம்."

"முட்டை வெக்குமா?"

"நம்ம குட்டையில வெக்காது. உப்புத் தண்ணி வேணும். அதுவுமில்லாம இதெல்லாம் இப்ப ஆணு. கொடுவா ஆணாத்தான் இருக்கும். சில வருசம் போனா பொட்டையா மாறிடும்."

"அப்படி மாறுறதை எப்படிய்யா நம்பறது?"

இருவரும் சிரித்தார்கள். அப்போது சிரிக்க முடிந்தது.

பௌர்ணமிக்கு முந்தின நாளே செழியன் அடி அண்ணாமலைக்குப் போய்விடுவான். கிரிவலப் பாதையில் அவனுக்கு எலுமிச்சை ஜூஸ் கடை. குட்டையோரத்து மோட்டாரில் நீல டிரம்களில் தண்ணீர் பிடிப்பான். மூடியைக் கயிறு போட்டு இறுக்குவான். லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவான்.

அடி அண்ணாமலையில் குமரேசன் என்பவர் புதிதாகக் குட்டை வெட்டியிருப்பதாகக் கேள்வி. குட்டை இருந்தால் குஞ்சு வேண்டும்.

சரவணகுமார் இன்னொன்றும் கவனித்தார். காணாமல் போனவை எல்லாம் சிறியவை. பெரியவை இருந்தன. கொழுத்தும் இருந்தன. பெரியது போனால் தெரிந்துவிடும் என்று சிறியதாகப் பார்த்து அள்ளுகிறான்.

"பிடிபட்டா குட்டையிலயும் அவனுக்குப் பங்கில்ல, இந்த வீட்டுலயும் இல்ல" என்று அருணாதேவியிடம் சொன்னார்.

"கேக்கறதுன்னா நேரா கேளுங்க."

"கேட்டா ஒத்துப்பானா?"

"அப்ப என்னையும் கேக்காதீங்க" என்று அவள் உள்ளே போனாள்.

அடுத்த பௌர்ணமியன்று மதியமே சரவணகுமார் அவன் கடைக்குக் கிளம்பினார். முந்தின நாள் திதி தொடங்கியதிலிருந்து வீட்டில் விரதம். கவுச்சி தொடுவதில்லை. மீன் தீனி கருவாட்டுத் தூள் கலந்தது. தொட்டால் கை நாறும். மோட்டார் கொட்டகையில் மூட்டை கட்டியபடி கிடந்தது. நாமே பட்டினி, மீனுக்கு என்ன வந்தது என்பது ஆரம்பத்திலிருந்தே அவர் எண்ணம்.

அடி அண்ணாமலையில் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. செழியன் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தான்.

"வாங்க மாமா. வெயில்ல வந்துட்டீங்க. ஜூஸ் குடிங்க."

டிரம் மூன்று நின்றன. ஒன்று மட்டும் திறக்காமல் கட்டியிருந்தது.

"அதுல என்ன?"

"தண்ணி."

"எதுக்குக் கட்டி வெச்சிருக்க?"

"தூசி உழும்ல."

சரவணகுமார் கயிற்றை அவிழ்த்தார். சட்டைக் கையைச் சுருட்டி தோள் வரைக்கும் டிரம்முக்குள் விட்டார். துழாவினார். தண்ணீர். அடியில் பிளாஸ்டிக். ஜூஸுக்கு நின்ற இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

செழியன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"மீனா மாமா?"

அவர் கையை வெளியே எடுத்து உதறினார்.

"மத்த ரெண்டுலயும் விட்டுப் பாத்துடுங்க. எப்படியும் இனிமே யாரும் குடிக்கப் போறதில்ல."

அவரே கை விடட்டும் என்று காத்திருந்தான். அவர் விடவில்லை. செழியன் மூன்று டிரம்களையும் ரோட்டில் கவிழ்த்தான்.

மறுநாள் காலை சரவணகுமார் தீனி மூட்டையைத் தூக்கிக்கொண்டு குட்டைக்குப் போனார். ஓரத்தில் ஒரு மீன் செத்து ஒதுங்கியிருந்தது. வாய் பிளந்திருந்தது. வாய்க்குள்ளிருந்து இன்னொரு மீனின் வால் நீட்டிக்கொண்டிருந்தது.

வாலைப் பிடித்து இழுத்தார். வந்தது. தலை பாதி கரைந்திருந்தது. அதுவும் கொடுவாதான். முழுங்கியதைவிடக் கொஞ்சம்தான் சிறியது.

குத்துக்காலிட்டு உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தார். பாசி நிழலில் பெரிய மீன் ஒன்று அசையாமல் நின்றது. சிறியது ஒன்று அந்தப் பக்கம் போனது. பிறகு அது இல்லை. பெரியது நின்ற இடத்திலேயே நின்றது.

மூட்டையைப் பிரித்து இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார். தண்ணீர் கொதித்தது.

போன் செய்ததும் செழியன் வந்தான். பின்னாலேயே அருணாதேவியும் வந்தாள். சரவணகுமார் இரண்டு மீனையும் வாழை இலையில் வைத்துக் காட்டினார்.

"இது வாயில அது இருந்துச்சு மச்சான்."

செழியன் தொடவில்லை. "நீங்க சொருகுனதா?"

"ஏண்டா இப்படிப் பேசற?" என்றாள் அக்கா.

"டிரம்முல கைய விட்டவரு மீன் வாயில விட மாட்டாரா?"

"தலையப் பாரு. வெந்தாப்பல கரைஞ்சிருக்கு" என்றார் சரவணகுமார்.

செழியன் மண்டியிட்டுப் பார்த்தான். நேரம் எடுத்துக்கொண்டான். பிறகு தீனி மூட்டையைப் பார்த்தான்.

"எப்பலேருந்து தீனி போடல?"

"திதி ஆரம்பிச்சதுலேருந்து."

"மாசா மாசமா?"

"கவுச்சி தொடறதில்லல்ல."

"எங்கிட்ட யாரும் சொல்லலியே." அக்காவைப் பார்த்தான். அவள் முந்தானையைச் சரிசெய்தாள்.

"பெருசு தனி, சிறுசு தனியா பிரிச்சுடணும் மச்சான். ஒண்ணா இருந்தா சிறுசு மிஞ்சாது. நடுவுல வலை கட்டிடலாம்."

"கட்டலாம்." செழியன் எழுந்து முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். "பெருசு யாரு பக்கம் மாமா?"

"பக்கம்னு என்ன இருக்குது? எல்லாம் ஒண்ணுதான்."

"நேத்து வரைக்கும் நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன்" என்றான் செழியன். "அக்கா, குட்டைய நீயே பிரிச்சுக் குடு. நான் பாத்துக்கிட்டு நிக்கறேன்."