முனையில் நிற்கும் கார்

கோமளத்துக்குக் கார் கிடையாது. கணவர் ராஜகோபாலன் போன மறுவருஷமே வண்டியை விற்றாயிற்று. ஓட்டத் தெரியாதவளுக்கு எதற்கு வண்டி என்று சிட்னியிலிருந்து மகன் ஷ்ரவண் சொன்னான். நியாயம்தான். மந்தைவெளியிலிருந்து எங்கே போவதானாலும் பஸ், ஆட்டோ, இல்லாவிட்டால் நடராஜா சர்வீஸ். போவதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் திரும்பி வரும்போதுதான்.

வியாழக்கிழமைதோறும் அடையாறு காந்தி நகரில் ஹம்சினி வீட்டில் ஸ்லோக வகுப்பு. ஏழெட்டுப் பெண்கள் வருவார்கள். மற்ற ஆறு நாளும் கோமளம் பேசுவது பால்காரரிடமும் டிவியிடமும்தான். அந்த இரண்டு மணி நேரத்தை நம்பித்தான் வாரத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். போன ஆடியில் ஒருநாள் காபி டம்ளரை அலம்ப அடுக்களைக்குப் போனவளின் காதில், கூடத்தில் பேசிக்கொண்டது விழுந்தது.

"இன்னிக்கு கோமளத்தை யார் டிராப் பண்றேள்? போன வாரம் நான் பண்ணிட்டேன்."

"எனக்கு இன்னிக்கு சுத்து வழிடி."

யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனாலும் கோமளம் குழாயை மூடக்கூடத் தோன்றாமல் நின்றாள். தன்னை முறைவைத்துச் சுமக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த வியாழன் போனதும் போகாததுமாக அவிழ்த்துவிட்டாள்: "ஷ்ரவண் எனக்குக் காரும் டிரைவரும் ஏற்பாடு பண்ணிட்டான். இனிமே யாருக்கும் சிரமம் இல்லே."

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டுமே! தெரு குறுகல், வண்டி முனையில்தான் நிற்கும் என்றும் சேர்த்துக்கொண்டாள். அதற்கப்புறம் வகுப்பு முடிந்ததும் எல்லோருக்கும் முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி, முனை திரும்பி, பஸ் ஸ்டாப்பில் போய் நிற்பாள்.

இந்த வியாழன் வினை வந்தது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து கைத்தடியோடு வந்திருந்த காமாக்ஷி மாமியின் டிரைவர், வகுப்பு முடிகிற நேரத்தில் போன் செய்து வண்டி மக்கர் பண்ணுகிறது என்றான்.

"அதனால என்ன? கோமளம் மாமிக்குத்தான் கார் வரதே! காமாக்ஷி மாமி ஆம் ஆர்.ஏ.புரம், வழிதானே?" என்றாள் ஹம்சினி.

எல்லோரும் புத்தகத்தைப் பையில் வைப்பதில் மும்முரமானார்கள். "பேஷா கூட்டிண்டு போறேன்" என்றது கோமளத்தின் வாய்.

எழுபத்துநாலு வயது மாமியை மெல்ல நடத்தி முனைக்குக் கூட்டிவந்தாள். சாயங்கால நெரிசலில் கார்கள் முட்டாத குறையாக நகர்ந்தன. இல்லாத டிரைவருக்கு இரண்டு தரம் போன் செய்வதுபோல் பாவனை பண்ணினாள். இது வெளியே தெரிந்தால் அந்த வாசலை மறுபடி எப்படி மிதிப்பது? வியாழனும் போய்விட்டால் அப்புறம் அவளுக்கு என்ன இருக்கிறது?

"எடுக்க மாட்டேங்கறான் மாமி..."

"போனை உள்ளே வை, கோமளம். ஒரு ஆட்டோவைக் கூப்பிடு." மாமி சாலையைப் பார்த்தபடியே சொன்னாள். "எனக்குத் தெரியும். நாங்க எல்லாரும் இந்த வழியாத்தானே போறோம்? வாரா வாரம் நீ அந்த ஸ்டாப்புல நின்னுண்டிருக்கே. ஆத்தை விட்டு நகராத ஹம்சினிக்குத்தான் தெரியாது."

இத்தனை மாதமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள். கோமளத்தின் முகம் எரிந்தது.

"கார்த்திகையில மழை கொட்டித்தே, அன்னிக்குமா மாமி?"

"அன்னிக்கும்தான். டிரைவரை நிறுத்தச் சொன்னேன். அப்புறம் வேண்டாம், போன்னுட்டேன். நிறுத்தினா உனக்கு அவமானமாயிடும், அப்புறம் வகுப்புக்கே வரமாட்டியோன்னு இருந்தது."

அந்த மழை கோமளத்துக்கு நன்றாக நினைவிருந்தது. குடை மடங்கிப்போய், கணுக்கால் தண்ணீரில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறாள். ஐந்தாறு கார்கள் அவளைப் பார்த்து, அவள் மானத்தைக் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கின்றன. மானம் யாருக்கு வேண்டும்! ஒரு கதவு திறந்திருந்தால் ஓடிப்போய் ஏறியிருப்பாளே.

ஆட்டோ ஒன்று ஒதுங்கியது. "இன்னாமா, எங்க போவணும்? பாட்டிமா, பாத்து ஏறு, அவசரமில்ல" என்றார் ஓட்டுநர்.

அடையாறு பாலத்தின்மேல் போகும்போது மாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது சொல்வாள், அடுத்த வாரத்திலிருந்து என்னோடு வந்துவிடு என்று இப்போது சொல்வாள் என்று கோமளம் காத்திருந்தாள். மாமி வீட்டிலிருந்து மந்தைவெளி ஐந்து நிமிஷம் கூட இல்லை.

ஆர்.ஏ.புரத்தில் இறங்கிக் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மாமி உள்ளே எட்டிப் பார்த்தாள். "நீ ஒண்ணும் கவலைப்படாதே. யார் கேட்டாலும் உன் கார்லதான் வந்தேன்னு சொல்லிடறேன்."

அந்தக் குரலில் அத்தனை பரிவு.

"அப்படியே சொல்லிடுங்கோ மாமி" என்றாள் கோமளம்.

மாமி கேட்டுக்குள் போகும்வரை ஓட்டுநர் வண்டியை எடுக்கவில்லை. பிறகு கண்ணாடியில் இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன் வூடு எங்கமா? வூட்டாண்டயே வுட்டுர்றேன்" என்றார்.

அன்றைக்கு அவளிடம் அப்படிச் சொன்னது அவர் ஒருவர்தான்.