நாலாவது மாற்றம்

சன்னாசி செத்து ஏழு வருஷமாகிறது. ஆனாலும் புதன்கிழமை விடியற்காலையில், கலும்பாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு வரிசையில் நின்ற நூற்றுப் பத்துப் பேர் முன்னால் அவரைப் பாலுக்கு மரம் வெட்ட வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர் வேறு யாருமல்ல, அவருடைய மூத்த மகன், ஆட்களை மேய்க்கும் மண்டோர் காளியண்ணன்தான்.

அவர் கையில் இருந்தது ரவாங் அலுவலகத்துக் கம்ப்யூட்டர் அச்சடித்த புதுப் பட்டியல். தம்பி இருசப்பனின் பெயர் இருக்க வேண்டிய வரியில் 'சன்னாசி' என்று இருந்தது. வாய்விட்டு வாசித்த பிறகுதான் மண்டோருக்கு உறைத்தது. அடுத்த வரியில் இன்னொருவரின் அப்பா, அவரும் இல்லாதவர். "செத்தவங்களையா வேலைக்குக் கூப்பிடுறீங்க?" என்று இருசப்பன் பால் வாளியைக் கீழே வைத்தார். அவரைப் பார்த்து மற்ற வாளிகளும் இறங்கின.

எட்டு மணிக்கு ரவாங்கில் தொலைபேசி அடித்தது. எடுத்தவள் திலகம். காளியண்ணனின் மகள். அந்தப் பட்டியலை அச்சடிக்கும் நிரலை எழுதியவளும் அவளே.

"அம்மாடி, ஒன் கம்ப்யூட்டரு எங்கப்பன மரம் வெட்டக் கூப்பிடுதும்மா. நாளைக்கு லிஸ்ட்டு சரியா வந்தாத்தான் காட்டுல எறங்குவோம்னுட்டாங்க" என்றார் காளியண்ணன்.

1987-ல் தோட்டத்தை நடத்திய கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் பிறந்த ஒரே ஆள் திலகம்தான். அதில் அவளுக்குப் பெருமை நிறையவே உண்டு, மறைப்பானேன்? அந்தப் பெருமைதான் காலை வாரிவிட்டது. குடும்பப் பெயர் முன்னால் வர வேண்டும், சொந்தப் பெயருக்கு ஓர் எழுத்து போதும் என்று தலைமையகம் எழுதியிருந்தது. ஒரே மத்தியானத்தில் செய்து காட்டினாள். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? பின்னால் நிற்பது அப்பா பெயர். அது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்ததை அவசரத்தில் மறந்தாள். சோதித்துப் பார்க்கப் போட்ட ஐந்து பெயரும் துரைமார் பெயர். தன் பெயரை ஒருமுறை போட்டிருந்தால், 'காளியண்ணன்' என்று வந்து முகத்தில் அறைந்திருக்கும்.

அறைக்குப் பொறுப்பான பாலகிருஷ்ணன் பதறவில்லை. "போன மாச டேப்ப ஏத்திடு திலகம். எல்லாம் பழையபடி ஆயிடும் லா. மூணு மணிக்குத் தோட்டத்து வேன் கெளம்புறப்ப லிஸ்ட்டு அதுல இருக்கணும்."

பழையபடி ஆவதுதான் திலகத்துக்கு வேண்டாம். நிரலில் இதுவரை செய்த ஆறு மாற்றங்களில் தப்பு நாலாவதில், அந்தக் குடும்பப் பெயர் மாற்றத்தில், மட்டும்தான். டேப்பை ஏற்றினால் ஐந்தாவதும் சேர்ந்து போய்விடும். அந்த ஐந்தாவதைச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பழைய பட்டியலில் கல்யாணமான பெண்களுக்குப் பெயரே கிடையாது. 'இருசப்பன் சம்சாரம்', 'மண்டோர் சம்சாரம்' என்றுதான் இருக்கும். இருபத்திரண்டு வருஷமாக மரம் வெட்டும் அவள் அம்மா தாயம்மா, அந்தக் காகிதத்தில் வெறும் மண்டோர் சம்சாரம். அடையாள அட்டைப் பதிவுகளைப் புரட்டி, நாற்பத்தொரு பெண்களின் பெயரைத் திலகம் பட்டியலில் சேர்த்திருந்தாள். நாலாவதன் புண்ணியத்தில் அவர்களுக்கும் அப்பாக்கள் பெயரே விழுந்தது. ஒருத்தி பெயர்கூட இன்னும் பெரட்டில் ஒலிக்கவில்லை.

"டேப்பு வேணாம் சார். நாலாவத மட்டும் எடுத்துடலாம்."

"அதுக்கு மேல அஞ்சு, ஆறு ஏறி உக்காந்திருக்கே. நடுவுலேர்ந்து எப்படி உருவுவ?"

"உருவலாம் சார். அதுக்குத்தானே ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு வச்சிருக்கோம்."

மாற்றங்களை ஒன்றின் மேல் ஒன்றாக எழுதி அழிக்காமல், எண், தேதி, செய்தவர் பெயரோடு தனித்தனியாகக் காத்து வைக்கும் மென்பொருள் அது. ஆறு மாதத்துக்கு முன் மன்றாடி அதை வாங்க வைத்தவள் அவள்தான். ஒரே நிரலைப் பல தடவை எதற்குக் கட்டிக் காக்க வேண்டும் என்று அறையே சிரித்தது.

"சரி, அந்த நாலாவத யாரு செஞ்சா?"

வாயை மூடிக்கொண்டிருந்தால் கேள்வி அப்படியே அடங்கியிருக்கும். திலகம் அந்த மாற்றங்களின் வரலாற்றை அச்சடித்து, தாளைக் கிழித்து, அவர் மேசையில் வைத்தாள்.

"நான்தான் சார். பேரு போட்டிருக்கு, பாருங்க."

வெட்கம் காதுவரை சுட்டது. ஆனாலும் தலை குனியவில்லை. செய்ததைச் செய்தேன் என்று சொல்லாதவளுக்கு அதை எடுக்க என்ன உரிமை இருக்கிறது?

பாலகிருஷ்ணன் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "மூணு மணி. இல்லேன்னா டேப்புதான்."

நாலாவதை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் சேர்த்துக் கட்டு என்று திலகம் கம்ப்யூட்டருக்குக் கட்டளையிட்டாள். இயந்திரம் முணுமுணுத்தது: மூன்று வரிகளில் நாலாவதும் ஐந்தாவதும் ஒரே இடத்தைத் தொட்டிருந்தன. அதைப் பிரித்துக் கையால் சீர்செய்யவே இரண்டு மணி நேரம் பிடித்தது. சாப்பாட்டு டப்பா திறக்காமலே கிடந்தது. இந்த முறை சோதனைக்கு முதலில் தன் பெயரைப் போட்டாள். 'திலகம்' என்று வந்தது. பிறகு சித்தப்பா பெயர், பிறகு அம்மா பெயர். இரண்டே முக்காலுக்கு அச்சு இயந்திரம் கிரீச்சிட்டபோது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பட்டியலை வேனில் தனியே அனுப்ப மனமில்லாமல், தானும் ஏறி மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

வியாழன் காலை. காளியண்ணன் டார்ச் வெளிச்சத்தில் வாசித்தார்.

"இருசப்பன்!"

"வந்தாச்சு!"

வரிசையில் ஒரு பெருமூச்சு ஓடியது. பெயர்கள் ஒன்றொன்றாக விழுந்தன, ஒவ்வொன்றுக்கும் உயிருள்ள ஒரு குரல் பதில் சொன்னது. பெண்கள் பகுதி தொடங்கும் இடத்தில் மண்டோர் சட்டென்று நின்றார். முதல் வரியே அவர் மனைவி பெயர். கல்யாணமான நாளிலிருந்து 'ஏ, இந்தா' என்பதைத் தவிர அவளை அவர் எதுவும் கூப்பிட்டதில்லை, அதுவும் நாலு பேர் முன்னால் கூப்பிடுவதாவது!

"என்னாண்ணே, கம்ப்யூட்டரு மறுபடியும் மக்கர் பண்ணுதா?" என்றார் இருசப்பன்.

காளியண்ணன் ஓரமாக நின்ற மகளைப் பார்த்தார். அவள் பார்வையை விலக்கவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தாயம்மா."

அரை உயிரில் வந்த குரல்தான். ஆனாலும் வந்துவிட்டது. தாயம்மா வாளியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தாள்.

"காதுல விழல மண்டோரே. இன்னொருக்கா கூப்பிடுங்க."

அவர் கூப்பிட்டார். இந்த முறை பால்காட்டின் கடைசி மர நிரை வரைக்கும் கேட்டது.