அடியெடுத்துக் கொடுக்காமல்

மூன்றாம் வகுப்புக்கு இருபத்தாறு வருடம் பாடம் எடுத்தவள் நான். முதல் எழுத்தைச் சொல்லி நிறுத்தினால் வகுப்பே மீதியைக் கத்தும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது.

பக்கவாதம் வந்து என் கணவருக்குப் பேச்சு நின்று நாலு மாதம். அதற்குமுன் வாய் ஓயாத மனிதர். நான் எதைச் சொன்னாலும் கையைக் கட்டிக்கொண்டு, "சரிங்க வாத்தியாரம்மா" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். இன்றைக்கு அந்தக் கிண்டலை ஒரே ஒரு தடவை கேட்க மாட்டோமா என்று ஏங்கிச் சாகிறேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வாரம் மூன்று நாள் வருவாள். என் மகள் வயதுதான். அவள் படத்தைக் காட்டுவாள், அவர் திணறுவார், நான் சமையலறையிலிருந்தே "த... த... தண்ணி!" என்று முடித்துவிடுவேன். நேற்று அவள் எழுந்து உள்ளே வந்துவிட்டாள்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாதும்மா. பரீட்சை அவருக்கு. பேப்பரைப் பிடுங்கி நீங்க எழுதுறீங்க."

"தவிக்கிறாரேம்மா. பாக்க முடியல."

"தவிக்கட்டும். பயிற்சி குடுக்குறது என் வேலை. அவரு சொல்லி முடிக்கிற வரைக்கும் சும்மா இருக்கிறது உங்க வேலை. ரெண்டுல உங்களதுதான் கஷ்டம்."

எனக்கே பாடமா என்று கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் கொஞ்சம் கூடவே வந்தது.

இன்று சாயங்காலம் அவர் கட்டிலருகே நின்று துணி மடித்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்து உதட்டைக் குவித்தார்.

"உ... உ..."

உப்பு குறைவா? உடம்பு வலியா? கேள்விகள் நாக்கு நுனிவரை வந்தன. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் நெற்றி வியர்த்தது, கண் கலங்கியது. அதற்குமேல் தாங்காமல் துணியை அள்ளிக்கொண்டு நகர்ந்தேன். இடது கையால் என் புடவையைப் பிடித்துவிட்டார்.

"உக்... உக்காரு."

நாலு மாதமாக, என்ன வேண்டும் என்ன வேண்டும் என்று இந்த மனிதரைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தேன். அவர் கேட்க நினைத்தது இவ்வளவுதான். துணியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

வாத்தியாரம்மா என்பது பெரிய வார்த்தை. வருமோ, வராமலே போய்விடுமோ. அவர் மறுபடி வாயைத் திறந்தார். நான் என் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டேன்.