எட்டாம் பாகத்தில் வந்த 'நீ'

கும்ரான் அக்காவும் நானும் சியோலில் ஒரு பார்சல் கிடங்கில் வேலை செய்கிறோம். பதினோரு வருடமாகத் தொடர் பார்த்தே வாழ்கிற அவளுக்கு, முதல்முறையாக ஒரு தொடரில் முகம் காட்டும் வாய்ப்பு வந்தது. பேருந்து நிறுத்தத்தில் நாயகிக்குப் பின்னால் நிற்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது. கூட்டத்தில் ஒருத்தியாக நிற்க என்னையும் இழுத்து வந்திருந்தாள்.

அன்று காலை அவசரமாக எழுதி வந்த வசனத்தை நாயகி காதலனிடம் சொன்னாள்: "சாப்பிட்டீங்களா?"

"தப்பு!" என்று அக்கா கத்தினாள்.

உதவி இயக்குநர் பாய்ந்து வந்தான். "யாரும்மா அது? வாயைத் தைக்கணுமா?"

"தச்சுக்கோ தம்பி. எட்டாம் பாகத்துல மழையில நின்னு, 'இனிமே என்னை நீன்னு கூப்பிடு'ன்னு அவன் அழுதான். நேத்து ஊரே பார்த்துச்சு. இன்னைக்கு எப்படி 'நீங்க' வரும்?"

"போச்சு, துரத்தப் போறாங்க" என்றேன்.

இயக்குநர் தாளைப் புரட்டினார். வசனத்தை மாற்றச் சொன்னார். அக்காவையும் வெளியே அனுப்பச் சொன்னார்.

நானும் கூடவே வெளியேறினேன். படப்பிடிப்பைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம்.

"சாப்பிட்டியா?" என்றாள் நாயகி.

நடிகனின் காது சிவந்தது. அதை யாரும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது. விளக்குப் பிடித்தவர்கள்கூட அசையவில்லை. இந்தத் தொடர்களை வருடக்கணக்கில் கிண்டல் செய்த எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"உன் முகம் வராதே, அக்கா" என்று முணுமுணுத்தேன்.

"சும்மா இருடி. பார்க்க விடு."